"உண்மையைத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு?"

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு வயது 36. ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். என் கீழே 14 பேர் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் அவர்களில் மூத்தவர், என்னைவிட ஏறக்குறைய 20 வயது பெரியவர், வேறு பிரிவுக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்ட மேலாளரிடம், "சாருக்கு வேலை நல்லாத் தெரியும். ஆனா என்னை ஒரு மனுஷனா மதிக்கல" என்று சொல்லியிருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு மோட்டாரின் அடிப்பக்க போல்ட்டை அவர் முழுசாக முடுக்காமல் விட்டிருந்தார். நான் பார்த்துவிட்டு, "இது கூடவா தெரியாது? எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டேன். பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. போல்ட் லூசாகத்தான் இருந்தது. உண்மையைத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு?

எனக்கு இனிக்க இனிக்கப் பேசத் தெரியாது. அப்படிப் பேசிய ஒருவரை நம்பிப் பணத்தை இழந்தவன் நான். அதிலிருந்து 'ப்ளீஸ்', 'தேங்க்ஸ்', 'தயவுசெய்து' எல்லாமே நடிப்பாகத்தான் படுகிறது. இதற்கு நடுவில் என் ஆறு வயது மகள், "எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்லச் சொல்றீங்களே, ஏன் சொல்லணும்? நீங்க சொல்றதே இல்லையே" என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. மரியாதை என்பது உண்மையிலேயே தேவைதானா, இல்லை நாசூக்கான பொய்யா? எதிரில் இருப்பவர் மரியாதை இல்லாமல் நடந்தாலும் நான் பணிந்துதான் போக வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் கேள்விகள் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை அந்தப் பெரியவர் கண்ணில் பட்டார். மேலாளரிடம் அவர் சொன்னதை இன்னொரு தடவை பாருங்கள். உங்களைப் பற்றிப் புகார் சொல்லத்தான் அவர் வாய் திறந்தார். ஆனால் முதலில் வந்த வாக்கியம், "சாருக்கு வேலை நல்லாத் தெரியும்." அது பொய்யா? இல்லை, நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். நடிப்பா? மாறுதல் எழுதிக் கொடுத்துவிட்டவருக்கு உங்களிடம் நடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மனம் நொந்த நேரத்திலும், உங்கள் மேலாளர் முன்னால் உங்கள் தலை குனியாதபடி பார்த்துக்கொண்டார். அப்புறம், சொல்ல வேண்டியதையும் விடாமல் சொல்லிவிட்டார். மரியாதை என்றால் என்ன என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதிலை அவர் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்.

இப்போது நீங்கள் சொன்னதற்கு வருவோம். "உண்மையைத்தானே சொன்னேன்" என்கிறீர்கள். அன்று உங்களிடம் இருந்த உண்மை ஒன்றே ஒன்று: போல்ட் முழுசாக முடுக்கப்படவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் வாசகங்களில் அந்த உண்மை எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது. "இது கூடவா தெரியாது?" என்பது அவருடைய அறிவைப் பற்றியது. அதுவும் தப்பான தகவல். போல்ட் முடுக்க அவருக்குத் தெரியும், அன்று விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். "எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிறீங்க?" என்பது அவருடைய வாழ்க்கை முழுவதையும் பற்றியது. அந்தக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? முப்பது வருஷம் என்றால், 'முப்பது வருஷமாகியும் தெரியவில்லையா' என்று ஆகும். வாயை மூடிக்கொண்டால், குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகும். பதில் சொல்ல வழியே இல்லாத கேள்வியை நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறீர்கள்.

"அண்ணே, இந்த போல்ட் லூசா இருக்கு, கொஞ்சம் பார்த்திடுங்க" என்று சொல்லியிருந்தால் உண்மை அப்படியே, சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும். உண்மைக்கும் மரியாதைக்கும் சண்டை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் சொன்ன வாக்கியங்களை இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால், உண்மை கொஞ்சமாகவும் கோபம் நிறையவும்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த மிச்சக் கோபத்துக்கும் உண்மை என்றே பெயர் வைத்துவிடுகிறோம்.

உங்கள் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் இதற்கு 'கர்ட்டசி' என்று ஒரு சொல். அது அரசவையைக் குறிக்கும் 'கோர்ட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியிலும் அதே கதைதான். அரசவையில் பெரியவர்களைப் பிரியப்படுத்திப் பிழைத்தவர்களின் நடை உடை பாவனை என்ற வாசம் அந்தச் சொற்களில் இருக்கிறது. ஆனால் நாம் புழங்கும் 'மரியாதை' வேறு இடத்திலிருந்து வந்தது. வடமொழியில் 'மர்யாதா' என்றால் எல்லை, வரம்பு, கரை. எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. ஒருவருக்கு மரியாதை கொடுப்பது என்றால், அவருடைய எல்லை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு இந்தப் பக்கம் நிற்பது. அவரைப் பிடித்திருக்க வேண்டும் என்று இல்லை. அவர் செய்ததையெல்லாம் பாராட்ட வேண்டும் என்றும் இல்லை. 'இங்கிதம்' என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதன் பழைய பொருள் குறிப்பு, மனத்தில் உள்ளதைக் காட்டும் சைகை. அடுத்தவர் முகத்தைப் பார்த்து, சொல்லாததையும் புரிந்துகொள்வது இங்கிதம். எல்லையை மதிப்பதும் குறிப்பை அறிவதும் சேர்ந்தால் அதுதான் நீங்கள் கேட்கும் விஷயம். 'ப்ளீஸ்', 'தேங்க்ஸ்' எல்லாம் அதன் சில்லறைக் காசுகள்.

முகம் என்று சொன்னேன் இல்லையா? அந்தச் சொல்லில் பெரிய விஷயம் இருக்கிறது. முகம் கொடுத்துப் பேசவில்லை, முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான், எந்த முகத்தோடு அங்கே போவது, முகத்தை முறிக்காமல் பேசு என்றெல்லாம் சொல்கிறோம். இதையெல்லாம் சொல்லும்போது கண், மூக்கு, வாயைச் சொல்வதில்லை. நாலு பேர் நடுவில் நமக்கு இருக்கும் மதிப்பைத்தான் முகம் என்கிறோம். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1955-இல் இந்த 'முகம்' என்ற கருத்தை வைத்தே ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். இரண்டு பேர் பேசும்போது, ஒருவர் முகத்தை இன்னொருவர் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. பிற்பாடு பெனலோப்பி பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் என்ற இருவர் அதை விரித்து, உலகத்து மனிதர்கள் மரியாதையாகப் பேசுவதற்குப் பொதுவாக என்னென்ன வழிகளைக் கையாளுகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவில் மாயன் மக்கள் பேசும் செல்தால், அப்புறம் நம் தமிழ். முகத்துக்கு இரண்டு பசி உண்டு என்றார்கள். ஒன்று, 'என்னை மதியுங்கள்' என்பது. இன்னொன்று, 'என் போக்கில் குறுக்கே வராதீர்கள்' என்பது.

இதைப் படித்த பிறகுதான் நாம் தினமும் சொல்லும் 'கொஞ்சம்' எனக்குப் புரிந்தது. "கொஞ்சம் அந்தச் சாவியை எடுத்துக் கொடுங்களேன்" என்கிறோம். சாவியைக் கொஞ்சமாக எடுக்க முடியுமா? அந்தக் 'கொஞ்சம்' சாவிக்கு இல்லை. 'உங்கள் வேலைக்குக் குறுக்கே வருகிறேன், தெரிகிறது, சீக்கிரம் விலகிவிடுகிறேன்' என்று அது சொல்கிறது. 'எடு' என்றால் எதிரில் இருப்பவர் எடுத்தே ஆக வேண்டும். 'எடுக்க முடியுமா' என்றால் முடியாது என்று சொல்ல ஒரு கதவு திறந்திருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கதவு வழியாக யாரும் வெளியே போவதில்லை. ஆனால் அது திறந்திருக்கிறது என்று தெரிவதே ஒரு மனிதருக்கு எவ்வளவு நிம்மதி!

சரி, நடிப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களை ஏமாற்றியவர் இனிக்கப் பேசினார். அவர் செய்ததற்கு முகஸ்துதி என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் மரியாதையும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். பிரித்தறிய நான் ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறேன். முகஸ்துதி மேல் நோக்கி மட்டுமே போகும். மரியாதை எல்லாப் பக்கமும் போகும். தனக்கு ஒரு காரியமும் ஆகாத ஆளிடம், பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரிடம், தரையைத் துடைத்துக்கொண்டிருப்பவரிடம் ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். அங்கேயும் குரல் அதே குரலாக இருந்தால் அந்த மனிதரை நம்பலாம். இந்தச் சோதனையை நமக்கும் நாம் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மேலாளர் ஒரு போல்ட்டை விட்டிருந்தால், "எத்தனை வருஷமா வேலை பார்க்கிறீங்க சார்" என்று கேட்டிருப்பீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றால், உங்களுக்கு மரியாதையாகப் பேசத் தெரியாது என்பது சரியில்லை. தெரியும். யாரிடம் என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தெரியாததைக் கற்றுக்கொள்வதைவிட, தெரிந்ததை எல்லோருக்கும் கொடுப்பது சுலபம் என்பதால் சொல்கிறேன்.

மனத்தில் இல்லாததை வாயால் சொல்வது பொய்தானே என்று அடுத்து கேட்பீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வயதான ஒருவர் முதல் தடவையாக என் அறைக்கு வந்திருந்தார். நான் அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தையும் விட்டுப்போகக்கூடாது என்ற அக்கறைதான். மனசுக்குள் அவர் மேல் எனக்கு நிறைய இரக்கம் இருந்தது, சத்தியமாக. நடுவில் பேச்சு நின்றது. நிமிர்ந்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எழுதி முடிச்சிடுங்கம்மா. நான் அப்புறம் சொல்றேன், அவசரமில்ல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், முகத்தில் கோபமே இல்லை. என் மனசுக்குள் இருந்த இரக்கம் ஒரு துளிகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் உச்சந்தலைதான். நோட்டை மூடி வைத்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, "மன்னிச்சிடுங்க ஐயா, சொல்லுங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் வந்த விஷயத்தையே சொன்னார். அதுவரை சொன்னதெல்லாம் மேலோட்டமானது.

மனசில் உள்ளது அடுத்தவருக்குத் தெரியாது. நிமிர்ந்த தலை தெரியும், திரும்பிய நாற்காலி தெரியும், பேச்சை வெட்டாமல் கேட்கும் காது தெரியும். உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே மட்டும் இருப்பது நடிப்பு என்று கவலைப்படுகிறீர்கள். உள்ளே நிறைய இருந்தும் வெளியே ஒன்றும் வராதவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், நீங்களும் அந்த ரகம்தான். அந்தப் பெரியவர் போவதில் உங்களுக்கு வருத்தம் இல்லையென்றால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

இதனால் காரியத்துக்கு என்ன பயன் என்று கேட்டால், உங்கள் தொழிலுக்குப் பக்கத்திலேயே இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன.

முதலாவது இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு, 2015-இல் வெளியானது. குறைப்பிரசவக் குழந்தைகளைக் கவனிக்கும் மருத்துவர், நர்ஸ்கள் கொண்ட 24 குழுக்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஒரு பொம்மைக் குழந்தைக்குத் திடீரென்று உடம்பு மோசமாகிறது, கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய வேண்டும். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் கவனிக்கிறார் என்று எல்லாக் குழுக்களுக்கும் சொல்லப்பட்டது. சில குழுக்களிடம் அவர் சாதாரணமாகப் பேசினார். மற்றக் குழுக்களிடம், இந்த நாட்டில் மருத்துவத்தின் தரம் தன்னைக் கவரவில்லை என்கிற மாதிரி மட்டம் தட்டிப் பேசினார். திட்டவில்லை, கத்தவில்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் மற்றவர்களைவிடக் கீழே போனார்கள். காரணத்தையும் பார்த்திருக்கிறார்கள். தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது குறைந்துவிட்டது, உதவி கேட்பது குறைந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நின்ற அந்த நாலு பேர். நாளை ஒரு இயந்திரத்தில் வித்தியாசமான சத்தம் கேட்டால், சந்தேகமாக இருக்கிறது என்று உங்களிடம் வந்து சொல்வார்களா? 'இது கூடவா தெரியாது' என்று கேட்டுவிடுவாரோ என்று சும்மா இருந்துவிடுவார்களா? லூசான போல்ட்டைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்.

இரண்டாவது சம்பவம் உங்கள் பக்கம் பேசும். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு போயிங் 737 ஓடுபாதையில் ஓடும்போது, கருவி காட்டும் அளவு சரியாக இல்லை என்று துணை விமானிக்குப் பட்டது. 'இது சரியாப் படலையே' என்கிற ரீதியில் இரண்டு மூன்று தடவை சொன்னார். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. தலைமை விமானியும் நிறுத்தவில்லை, விமானம் மேலே கிளம்பியது. விமானம் ஒரு பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்தவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். இந்த மாதிரி விபத்துகளிலிருந்து பாடம் படித்துத்தான், மூத்தவரிடம் ஆபத்தை எப்படிச் சுற்றி வளைக்காமல் சொல்வது என்று விமானிகளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் மென்று விழுங்கிப் பேசுவது மரியாதை ஆகாது. மின்சாரம் ஓடும் கம்பியில் ஒருவர் கை வைக்கப் போகிறார் என்றால் "கையை எடு!" என்று கத்துங்கள். 'கொஞ்சம்', 'தயவுசெய்து' எதுவும் வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் போல்ட் அப்படிப்பட்ட நேரம் இல்லை. நின்று இரண்டு கேள்வி கேட்க அவகாசம் இருந்ததே.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். மட்டம் தட்டுவதும் சரி, அதீதப் பணிவும் சரி, இரண்டுமே சொல்ல வேண்டிய செய்தியைத்தான் முதலில் கொல்கின்றன. ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவர் பேசும் விதத்தை, நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் தன்னிடம் தடையில்லாமல் வருகிறதா என்பதை வைத்து அளக்கலாம்.

வேலை சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலன் லாங்கர் என்ற உளவியலாளர் 1978-இல் வெளியிட்ட ஒரு சோதனை பிரபலமானது. ஜெராக்ஸ் எடுக்கப் போகிறவரிடம் ஒருவர் போய், "ஐந்து பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளலாமா" என்று கேட்டால் 100-க்கு 60 பேர் விட்டுக்கொடுத்தார்கள். "அவசரமாக இருக்கிறேன்" என்று சேர்த்துச் சொன்னால் 94 பேர். "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது" என்று அர்த்தமே இல்லாத காரணம் சொன்னாலும் 93 பேர்! இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் எனக்கு அதன் பின்பாதிதான் முக்கியம். ஐந்து பக்கத்துக்குப் பதிலாக 20 பக்கம் என்று கேட்டபோது, வெற்றுக் காரணம் சொன்னவர்களுக்கும் காரணமே சொல்லாதவர்களுக்கும் ஒரே அளவு, 24 பேர்தான் இடம் கொடுத்தார்கள். உண்மையான காரணத்துக்கு 42 பேர். சின்ன விஷயத்தில் மரியாதையின் உருவம் போதும். பெரிய விஷயத்தில் உள்ளே சரக்கு இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை பார்க்கச் சொல்கிறீர்கள் என்றால், வெறும் 'ப்ளீஸ்' எடுபடாது. ஏன் ஞாயிற்றுக்கிழமை, ஏன் அவர் என்று சொல்லுங்கள்.

எதிரில் இருப்பவர் தாறுமாறாகப் பேசினால் பணிந்து போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மரியாதை எல்லை என்றால், உங்களுக்கும் ஒரு எல்லை உண்டுதானே? "இதைப் பேசலாம். ஆனா இந்தக் குரல்ல வேண்டாம். அரை மணி நேரம் கழிச்சு வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். அதில் பணிவும் இல்லை, அவமதிப்பும் இல்லை. ஒருவர் கேட்ட உதவியைச் செய்ய முடியாதா? "முடியாதுங்க, இந்த வாரம் எனக்கு நேரமில்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். முகதாட்சண்யத்துக்காகச் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கடைசி நாளில் போனை எடுக்காமல் இருப்பவர்கள்தான் உண்மையில் அடுத்தவரை அவமதிக்கிறார்கள். தெளிவான மறுப்பைக் கேட்டவர் வேறு வழி பார்க்கப் போய்விடலாம். அந்த நேரத்தை அவருக்குக் கொடுப்பதும் மரியாதைதான்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எட்டு மொழிகளில், வீட்டிலும் நண்பர்களுக்குள்ளும் மக்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து ஆராய்ந்த ஒரு குழு 2018-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. ஒருவர் கேட்டதை இன்னொருவர் செய்து கொடுத்த இடங்களில், இருபதில் ஏறக்குறைய ஒரு தடவைதான் வாய் திறந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கேட்ட உதவி பெரும்பாலும் மறுக்கப்படாமல் கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர்களுக்குள் உதவி என்பது சொல்லாமலே புரிந்த ஒப்பந்தம். அதனால் வீட்டில் நீங்கள் நன்றி சொல்வதில்லை என்பதற்காகக் குற்றவாளி ஆகிவிடவில்லை. நெருங்கியவர்களிடம் அளவுக்கு மீறிய மரியாதை தூரத்தைக் காட்டும். ஒருமையில் பேசும் நண்பர் திடீரென்று 'நீங்க', 'வாங்க' என்று ஆரம்பித்தால், அவர் கோபமாக இருக்கிறார் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?

ஆனால் அவள் ஆறு வயதுக் குழந்தை. அவள் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை, உங்களைப் படிக்கிறாள். விருந்தாளிகள் முன்னால் நிறுத்தி "தேங்க்ஸ் சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்கும்போது காப்பாற்றப்படுவது உங்கள் முகம், கூனிக் குறுகுவது அவள் முகம். அதை இன்றோடு விட்டுவிடுங்கள். அவள் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்: "நீ சொன்னது சரிதான்மா, அப்பா சொல்றதில்லை. ஒருத்தர் நமக்காகச் செஞ்சதை நாம பார்த்தோம்னு அவங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான் தேங்க்ஸ்." அப்புறம் அவள் எதையாவது எடுத்துக் கொடுக்கும்போது, போனைக் கீழே வைத்து, அவள் கண்ணைப் பார்த்து ஒரு தடவை சொல்லுங்கள். அவள் பேசும்போது நடுவில் வெட்டாதீர்கள். அவள் அறைக்குள் போகும்போது கதவைத் தட்டுங்கள். கதவு திறந்தே இருந்தாலும் தட்டுங்கள். ஆறு வயதுக்கும் எல்லை உண்டு என்று யாராவது முதலில் அவளுக்குக் காட்ட வேண்டும்.

இனி அந்தப் பெரியவர். மாறுதல் உத்தரவு வரும் முன்னால் அவரைப் பாருங்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன், தனியாக, அவர் நிற்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். உங்கள் அறைக்குக் கூப்பிடாதீர்கள். "அன்னைக்கு போல்ட் லூசா இருந்ததை மட்டும் சொல்லியிருக்கணும். நாலு பேர் முன்னாடி உங்க அனுபவத்தைக் கேள்வி கேட்டது என் தப்பு" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். 'ஆனா' என்று ஒரு வார்த்தை அடுத்து வந்தால் முன்னால் சொன்னதெல்லாம் அழிந்துவிடும். 'நான் கோபக்காரன், என் சுபாவம் அப்படி' என்பதும் வேண்டாம். அவமானம் நாலு பேர் முன்னால் நடந்தது, அதனால் அந்த நாலு பேர் இருக்கும்போதும், ஒரு நல்ல வாய்ப்பு பார்த்து, இதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். தனியாகச் சொன்ன மன்னிப்பு அவருக்கு ஆறுதல் தரும். அவர் இழந்த முகம் இருப்பது அந்த நாலு பேரிடம்.

அவர் உடனே சிரித்துப் பேசிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். 'சரி சார்' என்று ஒரு வார்த்தையோடு திரும்பி வேலையைப் பார்க்கலாம். பார்க்கட்டும். மாறுதல் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கச் சொல்லி அவரிடம் கேட்க வேண்டாம், ஜாடையாகக்கூட வேண்டாம். இருப்பதா, போவதா என்பது அவருடைய எல்லைக்குள் இருக்கும் விஷயம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்